கேமராவுக்கு வைத்த பொட்டு

சின்ன காஞ்சிபுரம்
22.8.2008

என் அன்பு மங்கைக்குப் பெருந்தேவி எழுதியது.

இங்கே பெருமாள் தயவில் கை கால் அசைகிறது, சோறு இறங்குகிறது. உன் கண்ணை நினைத்தால்தான் எனக்குக் கவலை. இடது கண்ணில் புகை படிந்த மாதிரி இருக்கிறது, வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அதனால்தான் தடித்த பேனாவாக எடுத்துப் பெரிது பெரிதாக எழுதுகிறேன். தாள் கூடுதலாகப் பிடிக்கிறது, போகட்டும். போனில் பேசலாம் என்றால் உனக்குக் காது கேட்பதில்லை. நம் இரண்டு பேருக்கும் தபால்காரர்தான் தோது.

உன் மகன் ஓசூரிலிருந்து உனக்குக் கம்ப்யூட்டர் வாங்கி அனுப்பப் போகிறான், அதை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டிருந்தாய். சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறாய். எங்கள் தெருவிலேயே முதலில் கம்ப்யூட்டர் வந்தது நம் வீட்டுக்குத்தான். போன வருஷம் நான் கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்து, பால்காரம்மா வந்து பார்க்கிற வரையில் கிடந்தேன் அல்லவா? அதைக் கேள்விப்பட்டு சௌந்தர் சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு வந்தான். "இனிமே நீ தனியா இல்லம்மா" என்று சொல்லி வாங்கி வைத்துவிட்டுப் போனான். அதன் தலையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கேமரா. அது வழியாக அவன் என்னைப் பார்ப்பான். திரையில் நான் அவனைப் பார்ப்பேன். பேரன் தேஜஸும் பேத்தி லக்ஷணாவும் சாயங்காலத்தில் வந்து "ஆயா, ஆயா" என்று கத்துவார்கள். ஐந்தாவதோடு நின்றவள் வீட்டில் இதெல்லாம் நடக்கும் என்று யார் நினைத்தார்கள்?

இப்போது கவனமாகக் கேள். சும்மா இருக்கும்போது அதன் மேல் பழைய புடவைத் துணி போட்டு மூடு. ஓடும்போது மூடாதே, உள்ளே சூடு ஏறிக் கெட்டுவிடும். நிறுத்த வேண்டுமென்றால் சுவிட்சைப் பட்டென்று தட்டாதே. திரையில் கீழே இடது மூலையில் அதை நிறுத்துகிற வழி இருக்கிறது. அதில் அழுத்தி, அது தானாகக் கண் மூடிய பிறகுதான் சுவிட்ச். பாஸ்வேர்டு என்று ஒன்று கேட்கும். அது நம் வீட்டுச் சாவி மாதிரி. பேரன் பெயரை வைக்காதே. எல்லாக் கிழவிகளும் பேரன் பெயரைத்தான் வைக்கிறார்களாம், திருடனுக்கும் அது தெரியுமாம். உனக்குப் பிடித்த குழம்பின் பெயரையும், குடியிருந்து காலி செய்த வீட்டின் கதவு எண்ணையும் சேர்த்து வை. என்னிடமும் சொல்லாதே. அப்புறம், உனக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று திடீரென்று மின்னும். அதைத் தொட்டுவிடாதே. சீட்டே வாங்காதவளுக்குப் பரிசு எங்கிருந்து விழும்?

ஆப்பரேஷன் முடிந்ததும் பத்து நாள் கூட இருக்க முடியுமா என்று கேட்டாய். இதையெல்லாம் கேட்க வேண்டுமா? உன் மருமகள் பச்சைப்பிள்ளைக்காரி, அவளால் வர முடியாது. நான் வராமல் யார் வருவார்கள்? சௌந்தரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

உன்
பெருந்தேவி


வாலாஜாபாத்
5.9.2008

பெருந்தேவிக்கு மங்கையர்க்கரசியின் அன்பு.

உன் கடிதத்தை வெயிலில் பிடித்துக்கொண்டு இரண்டு தவணையாகப் படித்தேன். ஐந்தாம் வகுப்பில் என் சிலேட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டவள் இன்றைக்கு எனக்கே வாத்தியார் ஆகிவிட்டாய். சந்தோஷம்.

கம்ப்யூட்டர் வந்து இறங்கிவிட்டது. மகன் ஒரு நாள் இருந்து ஓட்டிக் காட்டிவிட்டுப் போனான். நீ சொன்ன மாதிரியே மின்னியது. நான் பத்து லட்சமாவது ஆளாம், எனக்குக் கார் விழுந்திருக்கிறதாம். "இந்தச் சந்துக்குள்ள எங்கப்பா நிறுத்தறது?" என்று கேட்டேன். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தொடவில்லை, பயப்படாதே. கேமரா மட்டும் தனிப் பெட்டியில் இருக்கிறது. தீபாவளிக்கு வந்து மாட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

ஆப்பரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். நவம்பர் மூன்று, திங்கட்கிழமை. மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அதன் பிறகுதான் பாடு. குனியக் கூடாது, அடுப்புப் புகை படக் கூடாது, நேரம் தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும். நானே எனக்கு விட்டுக்கொண்டால் காதில் விழுகிறது. துணைக்கு ஆள் இல்லையென்றால் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். உன் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன். சௌந்தர் என்ன சொன்னான்?

இன்னொன்று. உன் தாளில் எண்ணெய்க் கறை. ஒரு கடுகுகூட ஒட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் மேசை இருக்க, சமையலறையில் உட்கார்ந்தா எழுதுகிறாய்? ஆடி கருடனுக்குப் போனாயா என்று போன கடிதத்தில் கேட்டதற்கும் பதில் இல்லை. வீட்டு வாசலிலிருந்து நாலு எட்டு வைத்தால் கோயில். இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாய், வெளியே போனேன் என்று ஒரு வரிகூட இல்லையே.

மங்கை


சின்ன காஞ்சிபுரம்
18.9.2008

அன்பு மங்கைக்கு,

உனக்குக் கண் தெரியவில்லை என்று யார் சொன்னது? கடுகு தெரிகிறதே.

முதலில் கம்ப்யூட்டர் விஷயம். இப்போது வேளை கெட்ட வேளையில் கரண்ட் போகிறது. அதற்காகப் பக்கத்தில் ஒரு பேட்டரிப் பெட்டி வைத்திருப்பார்கள். அதை நம்பிக் கரண்ட் போன பிறகும் படம் பார்த்துக்கொண்டு இருக்காதே, கொஞ்ச நேரம்தான் தாங்கும். அது கீ கீ என்று கத்த ஆரம்பித்தால் ஒழுங்காக நிறுத்திவிடு. ஏதாவது எழுதினால் நடு நடுவே சேமித்துவிடு. உப்புக் கண்டத்தை வெயில் இருக்கும்போதே எடுத்து உள்ளே வைக்கிற மாதிரி. தெரியாத பேரில் கடிதம் வந்தால் திறக்காதே. பாங்கிலிருந்து எழுதுகிறோம், எண்ணைச் சொல் என்று வந்தாலும் சொல்லாதே. பாங்குக்காரனுக்கு நம் எண் தெரியாமலா இருக்கும்?

சமையலறையில்தான் எழுதுகிறேன். கூடத்து மேசை கேமராவுக்கு நேராக இருக்கிறது. நான் எதையும் எடுக்க வேண்டாம், அழுத்த வேண்டாம், அவன் அங்கிருந்து கூப்பிட்டால் இது தானாகவே திறந்துகொள்கிற மாதிரி செய்து வைத்திருக்கிறான். அவன் பார்க்கும்போது கேமராவில் பச்சையாக ஒரு சின்ன விளக்கு எரியும். ஒரு நாள் எழுதிக்கொண்டிருந்தபோது விளக்கு எரிந்தது. "யாருக்கும்மா இவ்ளோ நேரமா எழுதிக்கினு இருக்கிறே?" என்றான். உனக்கு என்றேன். "என்னா எழுதினே, படி கேக்கலாம்" என்றான். விளையாட்டுக்குத்தான் கேட்டான். ஆனாலும் அன்றிலிருந்து அரிவாள்மனைக்குப் பக்கத்தில்தான் எழுதுகிறேன்.

கட்டிலையும் கூடத்தில் போடச் சொன்னான், போட்டாயிற்று. நான் வெகுநேரம் கண்ணில் படவில்லையென்றால் போன் அடிப்பான். எடுக்கவில்லையென்றால் அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற தனசேகரனுக்குச் சொல்லுவான். அவர் கடையை விட்டுவிட்டு வந்து கதவைத் தட்டி, "ஒண்ணும் இல்லையேம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவார். பாவம், எத்தனை தடவைதான் வருவார்? அவருக்காகவே நான் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டேன். கரண்ட் போகும்போது எல்லாம் அணைந்துவிடும், அது சௌந்தருக்கும் தெரியும். அப்போது கோயிலுக்குப் போய்த் தாயாரைச் சேவித்துவிட்டு வந்துவிடுவேன். ஆடி கருடன் அன்றைக்குக் கரண்ட் போகவில்லை.

நீ இதைப் படித்துவிட்டு ஏதாவது நினைத்துக்கொள்வாய். அப்படியெல்லாம் இல்லை. யாருக்கு இப்படி ஒரு பிள்ளை கிடைப்பான்? ஆபீஸில் அத்தனை வேலைக்கு நடுவில் அம்மா சாப்பிட்டாளா என்று பார்க்கிறான்.

உன் ஆப்பரேஷனைச் சொன்னேன். தீபாவளி போகட்டும், பார்க்கலாம் என்றான். முடியாது என்று சொல்லவில்லை.

பெருந்தேவி


சின்ன காஞ்சிபுரம்
12.10.2008

மங்கைக்கு,

உன் கார்டு வந்தது. ஊரே கரண்ட் போகிறது என்று திட்டும்போது நீ ஒருத்திதான் போகட்டும் என்று வேண்டிக்கொள்கிறாயா என்று கேட்டிருந்தாய். கேலி போதும். இங்கே நடந்ததைக் கேட்டால் உனக்குக் கேலி வராது.

புதன்கிழமை ஆயுத பூஜை. எங்கள் தெருவில் தறிக்கும் தராசுக்கும் சைக்கிளுக்கும் சந்தனம் வைத்தாயிற்று. நம் வீட்டில் ஆயுதம் என்று வேறு என்ன இருக்கிறது? கம்ப்யூட்டரைத் துடைத்து, திரைக்கு ஒரு பொட்டு, எழுத்துப் பலகைக்கு ஒரு பொட்டு, பேட்டரிப் பெட்டிக்கு ஒரு பொட்டு வைத்தேன். (சொல்ல மறந்தேன், ஈரத் துணியால் துடைக்காதே. காய்ந்த துணிதான்.) கடைசியில் கேமரா. அதற்கு நெற்றி எங்கே இருக்கிறது, சொல். உருண்டையாகக் கண் மட்டும்தான். விட்டுவிட்டால் குறையாகிவிடுமே என்று கண்ணின் மேலேயே சந்தனத்தைத் தடவி, நடுவில் குங்குமத்தை வைத்தேன். பொரி கடலை வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு, வாசலைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டேன்.

அங்கே சிங்கப்பூரில் அவனுக்குத் திரை முழுவதும் சிவப்பாகத் தெரிந்திருக்கிறது. முதலில் ரத்தம் என்று நினைத்தானாம். போன் அடித்திருக்கிறான், எடுக்க ஆள் இல்லை. தனசேகரன் தன் கடையில் பூஜை செய்துகொண்டிருந்தவர், இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்து, பூட்டைப் பார்த்துவிட்டுக் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்திருக்கிறார். நான் துளசி தீர்த்தம் வாங்கிக்கொண்டு மெதுவாகத் திரும்பி வந்தால் வாசலில் தெருவே நிற்கிறது. கூடத்தில் தனசேகரன் கைக்குட்டையால் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரையில் சௌந்தர் முகம். "நீ செத்துட்டேன்னு நெனச்சேம்மா" என்றான். அத்தனை பேர் முன்னாலும் அழுதான். எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை.

இப்போது வீட்டு மாற்றுச் சாவி ஒன்று தனசேகரனிடம் இருக்கிறது. சமையலறைக்கும் ஒரு கேமரா வரப்போகிறது. மருமகள் சுஷ்மாவின் தம்பி தீபாவளிக்கு ஊருக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறான். கோயிலுக்குப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இந்த நிலைமையில் பத்து நாள் என்று நான் எந்த வாயால் கேட்பது? துணைக்கு வேறு யாராவது கிடைக்கிறார்களா பார், மங்கை. உன் நாத்தனார் மகள் மாகறலில் இருக்கிறாளே, அவளைக் கேட்டுப் பாரேன்.

பெருந்தேவி


வாலாஜாபாத்
20.10.2008

பெருந்தேவிக்கு,

வரி கோணலாகப் போயிருந்தால் பொறுத்துக்கொள். மாகறலில் கேட்டேன். பாதி நடவில் இருக்கிறோம், வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆப்பரேஷனைத் தள்ளிப் போடலாமா என்று டாக்டரைக் கேட்டேன். இதை விட்டால் பங்குனிதான் என்றார். அதற்குள் வலது கண்ணும் போய்விடும் என்றும் சொன்னார். அதனால் உன்னை மறுபடியும் கேட்கிறேன். எனக்கும் ரோஷம் உண்டு, ஆனால் கண்ணுக்கு முன்னால் ரோஷம் நிற்கவில்லை.

நெற்றி இல்லை என்று நீ எழுதியதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு, சந்தனத்தைத் தடவும்போது அது அவன் பார்வையை மறைக்கும் என்று உனக்குத் தெரியாதா என்று யோசித்தேன். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

தீபாவளிக்கு என் மகன் வருவான். அந்தப் பெட்டியைப் பிரித்துக் கேமராவை மாட்டுவான். மாட்டச் சொல்லட்டுமா, வேண்டாம் என்று சொல்லட்டுமா? சுவிட்சை எப்படித் தட்டுவது, துணி எப்படிப் போடுவது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தாயே, இதைச் சொல். உன் பிள்ளையின் பெருமை எனக்குத் தெரியும், அதை எழுதாதே. நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது.

மங்கை


சின்ன காஞ்சிபுரம்
30.10.2008

என் மங்கைக்கு,

நீ கேட்ட கேள்விக்குத் தீபாவளிக்கு முன்னாலேயே பதில் எழுதியிருக்க வேண்டும். பேனாவை எடுத்தேன், வைத்தேன், அவ்வளவுதான் நடந்தது. உன் மகன் அதற்குள் வந்து மாட்டிவிட்டானோ என்று நேற்றுவரை தவித்துக்கொண்டிருந்தேன். குழந்தைக்குச் சளி, அவனால் வர முடியவில்லை, பெட்டி அப்படியே இருக்கிறது என்ற உன் கார்டு இன்று காலையில் கிடைத்தது.

பொட்டு வைக்கும்போது எனக்குத் தெரியாது, சத்தியம். வைத்து முடித்த பிறகு குங்குமத்தின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்தேன். அவன் பார்க்கிறான், ஆனால் அவனுக்கு நான் தெரியமாட்டேன் என்று அப்போது புரிந்தது. துடைத்திருக்கலாம். துடைக்கவில்லை. கற்பூரம் காட்டிவிட்டு, கூடத்தின் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு வாய் பொரி தின்றேன். அப்படி உட்கார்ந்து எத்தனை காலம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் கோயிலுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை தனசேகரன் சமையலறைக்குக் கேமரா மாட்ட வந்தார். ஏணியும் கம்பியுமாக வந்து நின்றவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, கூடத்துக் கேமராவுக்கு முன்னால் போய் நின்றேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"சமையக்கட்டுல வேணாம் சௌந்தர். அங்கதான் நான் பொடவ மாத்திக்கினு இருக்கறேன்" என்றேன்.

தனசேகரன் தலையைக் குனிந்துகொண்டு கம்பியைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். சரி, அது வேண்டாம் என்று சௌந்தர் சொன்னான். அந்த வாயோடு உன் விஷயத்தையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத் போகிறேன், பத்து நாள் இருந்துவிட்டு வருவேன் என்றேன்.

"போற எடத்துல விழுந்தியானா?"

"இங்கதான்பா விழுந்தேன்."

அவனுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. "உன்ன ஓரமா சின்னதா வெச்சிக்கினுதான்மா நான் ஆபீஸ்ல வேலையே பாக்குறேன். நாற்காலியில நீ இல்லைன்னா எனக்குச் சோறு எறங்காது" என்றான்.

அவன் சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து, நான் வீட்டில் இல்லையென்றால் வாசலிலேயே பையோடு நிற்பான். அந்த முகம்தான் திரையில் இருந்தது. இரண்டு நிமிஷம் போயிருந்தால் நான் கரைந்திருப்பேன். "பத்து நாளைக்கு எறங்காதுப்பா. பொறுத்துக்கோ" என்றேன்.

அவன் அங்கிருந்தே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டான். விளக்கும் போயிற்று.

மங்கை, இதை உனக்குத்தான் சொல்லுகிறேன். அது அணைந்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம் வந்தது. இரண்டு நாளாக விளக்கு எரியவில்லை, போனும் இல்லை. எங்கே வேண்டுமானாலும் போகலாம், கேட்க ஆள் இல்லை. நேற்று கரண்ட்கூடப் போகவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கேமராவுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வரையில் அப்படியே இருந்தேன். இந்தக் கடிதத்தையும் கூடத்து மேசையில்தான் எழுதுகிறேன்.

ஆகையால் உன் கேள்விக்குப் பதில் இதுதான். மாட்டலாம். ஆனால் முதல் நாளே சொல்லிவிடு. பேச உட்காரும்போது அது உன் முகத்தைப் பார்க்கட்டும், பேசி எழுந்ததும் சுவர்ப் பக்கம் திருப்பி வை. தானாகத் திறந்துகொள்கிற மாதிரி வைக்க வேண்டாம், நீ எடுத்தால்தான் திறக்க வேண்டும் என்று அடித்துச் சொல். நான் அதை முதல் நாள் சொல்லவில்லை. சௌந்தர் அவனாகவே செய்தான், நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன் அடிக்கிறது. இந்நேரத்துக்கு அவன்தான். எடுத்தால் என்ன சொல்லுவானோ, நான் என்ன சொல்லுவேனோ. நின்றுவிட்டது. மறுபடியும் அடிக்கிறது. இரு, எடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். "எந்த பஸ்மா?" என்றான். முதல் வார்த்தையே அதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஏறுவேன் என்றேன். பஸ் நின்ற பிறகுதான் இறங்க வேண்டும், மாத்திரையை மறக்கக் கூடாது, செருப்பு வழுக்கினால் புதிது வாங்கிக்கொள் என்றான். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். வைக்கப் போகும்போது கேட்டான்:

"மங்கை அத்தை வீட்லயும் கம்ப்யூட்டர் இருக்குதுன்னியே, கேமரா மாட்டிட்டாங்களாம்மா?"

இல்லை, பெட்டியிலேயே இருக்கிறது என்றேன். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் "ம்" என்றான். அந்த "ம்" எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அதை மாட்டச் சொல்லி ஓசூருக்குப் போன் போகும். உன் மகனும் நல்ல பிள்ளைதானே, சரி என்றுதான் சொல்லுவான்.

சொட்டு மருந்து நான் விடுகிறேன், அடுப்பு நான் பார்த்துக்கொள்கிறேன். நீ ஒன்று மட்டும் செய். யார் வந்து கேட்டாலும், நான் திரும்பிப் போகிற வரையில் அந்தப் பெட்டியைப் பிரிக்க விடாதே.

பெருந்தேவி